ஒப்பு

ஐப்பசிக் கொண்டல் கலக்கிய கடல்
இரண்டு வாரமாய் மண்நிறத்தில் வருகிறது.
ஒப்பிலானுக்குத் தெற்கே
உடைமரக் காட்டுக்கும் அலைக்கும் நடுவில் எங்கள் ஆலை.
அந்த நீரைக் குடித்து, உப்பைத் துப்பி,
சாயல்குடிப் பக்கத்து ஊர்களுக்கு மிச்சத்தை அனுப்புகிறது.

நேற்றிரவு மூன்றாம் எண் வால்வு
மூடியும் மூடவில்லை.
பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடப்பதுபோல்
குழாய்க்குள் ஒரு சத்தம்.

பதினாறு போல்ட்.
இரண்டு மட்டும்
தீ காட்டி, கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகே அசைந்தன.
உள்ளே அந்த உருண்டை,
இளநீர் அளவு, நடுவில் துளை,
முகம் தெரிகிற கறுப்பு.

மேலே இருப்பது பீங்கான்.
கல்யாணப் பத்திரிகை அட்டையின் தடிமன்தான்.
இதற்கு முன் போட்டதெல்லாம் வெறும் எஃகு.
மணலும் சிப்பித்தூளும் நாலே மாதத்தில் அதைக்
கரையான் அரித்த கதவாக்கிவிடும்.
இது பத்து மாதம் நின்றிருக்கிறது.
டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு கீறல் இல்லை.

விளிம்போரம் ஓர் இடம் தவிர.
அங்கே பொருக்கு உதிர்ந்து
வெள்ளையாய் எஃகு தெரிந்தது. முட்டை வடிவம்.

"மணல்தான், வேறென்ன. எழுது" என்றார் நைனா முகம்மது.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும்
வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.
சரியாக இருந்தது.

போன மார்கழி.
சாக்கில் சுற்றி, மூன்று பஸ் மாறி
துவாக்குடிக்கு இதைக் கொண்டுபோனவன் நான்.
பூச்சுக் கூடத்தில் செலஸ்டின் மேரி
கல்பொடியைக் காற்றில் வீசி
உருண்டையைச் சொரசொரப்பாக்கினாள்.
"வழவழன்னு இருந்தா எதுவும் ஒட்டாது.
பல்லு முளைக்கணும். பல்லுதான் பிடிக்கும்."
தீயைப் பார்க்க அடுத்த அறைக்குப் போனாள்.

பூனை நாக்குப் போல இருந்தது அது.
தொட்டேன்.
தொட வேண்டிய வேலை எதுவுமில்லை.
புரோட்டா தின்ற கை.

"தொட்டீங்களா?"
"இல்லையே."
என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

ஊதா நிறத்தில் ஒரு தீ நாக்கு.
அதில் விழுந்த பொடி உருகிப் பறந்து
உருண்டையில் அறைந்து
அப்பளம் அப்பளமாய்த் தட்டையாகி
ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியது.
எல்லா இடத்திலும் எஃகின் பல்மேல்.
ஓர் இடத்தில் மட்டும்
என் எண்ணெய்மேல்.

பிறகு பத்து மாதம்
பானை வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பதுபோல்
கடல் இதைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது,
ஒவ்வொரு மணலாக,
பதில் மாறுகிற இடம் தெரியும்வரை.

எங்கள் வீட்டில்
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட
முதல் ஆள் நான். அப்பாவுக்கு அதில் பெருமை.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
ம என்று எழுதி அடித்தேன்.
"பூச்சுக்கு முன் கை பட்டது."
யார் கை என்று கேட்க அதில் கட்டம் இல்லை.
கீழே ஒப்பமிட்டேன்:
வி. கூரிச்சாமி, பிட்டர்.

நைனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
மாற்று வழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது,
தரை லேசாய் அதிர்ந்தது.
படிவத்தை மடித்துப் பையில் வைத்தார்.
"துவாக்குடிக்கு மறுபடி யார் போறது?"
"நான் போறேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார்.
"கையுறை எடுத்துட்டுப் போ."